அடியில் நின்று பார்த்தால்

ஃபெராரி 355-இன் இன்ஜினை யாரும் மேலே தூக்கி எடுப்பதில்லை. இன்ஜின் இருந்த உயரத்திலேயே இருக்கும். வண்டியைத்தான் அதன் மேலிருந்து தூக்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டால் வேறு வழி கிடையாது. பெல்ட் ஓடும் பக்கம், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி நிற்கிறது. அங்கே கை நுழையாது. எனவே வண்டியை லிஃப்டில் ஏற்றி, கூலன்ட்டை வடித்து, ஏசி கேஸை இறக்கி, ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயை அடைத்து, கனெக்டர்களைப் பிரித்து அடையாளச் சீட்டு ஒட்டி, ஆக்சில் ஷாஃப்ட்டுகளை விடுவித்து, கீழே சக்கரம் வைத்த மேசையை நிறுத்தி, சப்ஃப்ரேம் போல்ட்டுகளைக் கடைசியாகக் கழற்றுவோம். பிறகு லிஃப்டை மெல்ல உயர்த்தினால் வண்டி மேலே போகும். இன்ஜின், கியர்பாக்ஸ், சப்ஃப்ரேம் மூன்றும் சேர்ந்து மேசைமேல் தங்கிவிடும்.

முதல் தடவை அப்படி ஒரு இன்ஜின் வெட்டவெளியில் நின்றபோது, கையில் இருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து வால்வு, ஆக நாற்பது. உள்ளே கனெக்டிங் ராடுகள் டைட்டானியத்தில். வண்டிக்குள் இருக்கும்போது யார் கண்ணுக்கும் படாத பக்கத்தில்கூட வார்ப்பின் விளிம்புகள் தடவிப் பார்த்தால் கையைக் கீறவில்லை. போல்ட் உட்காரும் முகங்கள் கண்ணாடிபோலக் கடைந்திருந்தன. ஃபெராரி தன் பிளாக்கையும் சிலிண்டர் ஹெட்டையும் மரனெல்லோவில் தன் சொந்த வார்ப்புச் சாலையில்தான் வார்க்கிறது. இது என் ஊர் வார்ப்படக் கடைகளின் புழுதியில் வளர்ந்த எனக்குப் பெரிய விஷயம். நல்ல வார்ப்பு எது, மேலே பெயின்ட் அடித்து மறைத்த வார்ப்பு எது என்று எங்களுக்குத் தெரியும்.

அதே வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏசி பட்டனைத் தொட்டால் கதை வேறு. அந்தக் காலத்து ஃபெராரிகளின் பிளாஸ்டிக் மேல் பூசிய மெத்தென்ற பூச்சு, வருடங்கள் போகப் போக, அதுவும் வெயில் நாடுகளில், இளகிப் பிசுபிசுத்துவிடும் என்பது அந்த வண்டி வைத்திருக்கும் உலகத்தார் அனைவரும் அறிந்தது. பட்டன்களைக் கழற்றி ஆல்கஹாலில் துடைத்து, பூச்சைச் சுரண்டி, புதிதாக எழுத்தடித்து மாட்டித் தருவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

டைட்டானியம் ராடு ஒரு பக்கம், விரலில் ஒட்டும் பட்டன் ஒரு பக்கம். செய்தவனுடைய பெருமை எதுவரை போயிற்றோ அதுவரை இந்த வண்டிகள் கெடுவதில்லை. அது எங்கே நின்றதோ அங்கே தொல்லை தொடங்குகிறது. துபாய் அல் கூஸில் இத்தாலிய வண்டிகளின் அடியில் நின்று நான் கற்றுக்கொண்டது இதுதான். ஃபெராரியா லம்போர்கினியா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம், இரண்டு வீட்டாரின் பெருமையும் எங்கெங்கே நின்றது என்றுதான் நான் சொல்ல முயன்றிருக்கிறேன்.

நான் கோவைக்காரன். ஐ.டி.ஐ. முடித்ததும் கைபழகியது பிரீமியர் பத்மினியில். ஊரில் அதை எல்லோரும் ஃபியட் என்றுதான் சொல்வார்கள், அது சரிதான். இத்தாலியில் ஃபியட் 1100 என்று ஓடிய வண்டியைத்தான் பம்பாய் குர்லாவில் செய்துகொண்டிருந்தார்கள். அதே ஃபியட் 1969-லேயே ஃபெராரியில் பாதிப் பங்கை வாங்கியிருந்தது என்பதும், அந்த நாளைய ஃபெராரிகளுக்குள் கைப்பிடி, சுவிட்சு, ரிலே எனச் சின்னச் சின்னச் சாமான்கள் ஃபியட் கிடங்கிலிருந்து போனவை என்பதும் எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. 2000-க்குப் பிறகு துபாய் வந்தேன். கம்பெனி ஷோரூம் அல்ல, தனியார் கராஜ். வாரன்டி முடிந்த வண்டிகள் எங்களிடம் வரும். ஃபோர்மேன் பாலக்காட்டுக்காரர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவர் என்பதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. நாங்கள் எல்லோரும் அவரைச் சேட்டன் என்போம்.

"தம்பி, இன்ஜினைப் பார்த்து மயங்காதே. முதல்ல எர்த் வயரைப் பாரு" என்பார்.

அதன் அர்த்தம் ஒரு ஜூலை மாதம் புரிந்தது. ஷேக் சாயித் ரோட்டில் நின்றுபோன வண்டி ஒன்று ரெக்கவரியில் வந்து இறங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எந்தக் கம்பெனி வண்டியிலும் நடக்கக்கூடியது. டாஷ்போர்டில் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் எரிந்தன. டெஸ்டரைச் சொருகினால் கியர்பாக்ஸ், ஏபிஎஸ், இன்ஜின், ஏர்பேக் எனச் சம்பந்தமில்லாத கோளாறுகள் வரிசையாக வந்தன. முதலாளி இன்ஜின் போய்விட்டது என்றே முடிவுகட்டி, விற்கும் விலையைப் பற்றி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். சேட்டன் மீட்டரை எடுத்து, ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைத்து, என்னை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய முள் இரண்டைத் தாண்டியது. பாடியோடு எர்த் கேபிள் சேரும் இடத்தில் ஈயம் பூசிய லக்கின் கீழே பச்சைக் களிம்பு. கழற்றி, உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கியதும் எல்லா விளக்கும் அணைந்தன. அந்த வண்டியின் இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் அது அத்தனை தூரம் வந்திருக்காது.

பிறகு எத்தனையோ வண்டிகளில் இதையே பார்த்தேன். பிஸ்டன், கிராங்க், கியர் பல் இவை காரணமாக ரெக்கவரியில் வந்த வண்டி அரிது. வயர், ரிலே, ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஃபேன், சென்சார் இவைதான் ரெக்கவரிக்காரருக்குச் சோறு போட்டன.

லம்போர்கினி கதைக்கு வர வேண்டும். ஃபெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் செய்து பணம் பார்த்தவர். 1963-இல் சான்ட் அகாதா போலொன்யேசே என்ற ஊரில் கார் கம்பெனி தொடங்கினார். மரனெல்லோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடுவில் மசராட்டியின் மோடெனா. உலகத்தின் பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் வீடுகள் இத்தனை நெருக்கத்தில் இருப்பது, ஒரு வீட்டு மெக்கானிக்கின் மகன் எதிர் வீட்டில் வேலைக்குப் போகும் ஊர்களாக இருப்பது, அங்கே போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. போலொன்யாவுக்குப் பக்கத்தில் ஃபூனோ என்ற ஊரில் ஃபெருச்சியோவின் பேரில் ஒரு மியூசியம் இருக்கிறது. கார்களைவிட டிராக்டர்களின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஃபெருச்சியோ பிற்காலத்தில் தானே சொல்லிவந்த கதை பிரசித்தம்: தன்னுடைய ஃபெராரியின் கிளட்ச் அடிக்கடி போனது, பிரித்துப் பார்த்தால் தன் டிராக்டரில் போடும் அதே ரகம், என்ஸோ ஃபெராரியிடம் போய்ச் சொன்னபோது, டிராக்டர் ஓட்டுகிறவனுக்குக் கார் பற்றி என்ன தெரியும் என்ற தோரணையில் பதில் வந்தது, அந்தக் கோபத்தில் பிறந்தது கம்பெனி. எவ்வளவு நிஜம், எவ்வளவு சேர்த்தது என்பதை விட்டுவிடுவோம். கிளட்ச் தட்டை யார் செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்த ஒரு மனிதர் இதற்குள் இருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அந்தப் பிரித்துப் பார்க்கும் குணம் அவரோடு நீடிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலேயே அவர் கம்பெனியை விற்று ஒதுங்கிவிட்டார். 1978-இல் கம்பெனி திவாலானது. மிம்ரான் சகோதரர்கள், 1987-இல் கிரைஸ்லர், 1994-இல் இந்தோனேசியக் கைகள், 1998-இல் ஆடி என்று கைமாறிக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் நடுவே 1963-இல் பிட்ஸாரினி என்ற இன்ஜினியர் வரைந்த பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் மட்டும் வளர்ந்து, பெருத்து, முர்சியெலாகோ நின்றுபோன 2010 வரை உயிரோடு இருந்தது. முதலாளிகள் மாறினார்கள், இன்ஜின் மாறவில்லை. இன்ஜின் விஷயத்தில் சான்ட் அகாதா மரனெல்லோவுக்கு ஒரு படிகூடக் கீழே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

மற்றதெல்லாம் வேறு. கவுன்டாக் 16 வருடத்தில் சுமார் 2,000 வண்டிதான் செய்தார்கள். டியாப்லோ மூவாயிரத்துக்கும் உள்ளே. அத்தனை சின்ன எண்ணிக்கைக்கு யாரும் சொந்தமாக ஹெட்லைட் அச்சு செய்யமாட்டார்கள். கடைசிக் காலத்து டியாப்லோவில் இருக்கும் ஹெட்லைட் ஜப்பான் நிஸான் 300இஸட்எக்ஸ் காரினுடையது. கையால் தட்டிப் பொருத்திய கதவு, கையால் இழுத்த வயரிங். ஒரு வண்டியின் பேனலைக் கழற்றி அதே மாடலில் இன்னொன்றுக்கு மாட்டினால் சேராது என்பது அந்த வண்டிகளைத் தொட்ட மெக்கானிக்குகள் எந்த நாட்டிலும் சொல்வது. அதைக் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. கைவேலைக்குக் கொடுக்கும் விலை அது. ஆனால் வயரிங் வரைபடத்தில் சிவப்பு என்று போட்டிருக்க, வண்டியில் பச்சை வயர் ஓடினால், பழுது பார்ப்பவனுக்கு வரைபடம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

2003-இல் கல்லார்டோ வந்தது. ஐந்து லிட்டர், பத்து சிலிண்டர். அலுமினியக் கூட்டை ஜெர்மனியில் நெக்கார்சுல்ம் ஊர் ஆடி ஆலையில் செய்து சான்ட் அகாதாவுக்கு அனுப்பினார்கள். ஏசி சுவிட்சும் ரேடியோவும் ஆடியிலிருந்து வந்தவை. இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளும் ரசிகர்கள் இருந்தார்கள்: இத்தனை லட்சம் திர்ஹாம் கொடுத்து வாங்கிய காரில் ஆடி பட்டனா என்று. அடியில் நிற்பவனுக்கு அந்தக் குறை தெரியாது. முதன்முதலாக ஒரு கல்லார்டோவின் அடித்தட்டைக் கழற்றியபோது நான் பார்த்தது, ஒரே இடைவெளியில் கிளிப் போட்ட வயரிங், கழற்றினால் மறுபடி தவறாக மாட்டவே முடியாதபடி வடிவம் வைத்த கனெக்டர்கள், கை போகும் இடத்தில் வடிகால் போல்ட். என்னைப் போன்ற ஒருவன் பத்து வருடம் கழித்து இதைக் கழற்றுவான் என்று யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்துச் செய்த வேலை. பத்து வருடத்தில் 14,022 கல்லார்டோக்கள் வந்தன. கம்பெனி அதற்கு முன் நாற்பது வருடம் செய்த மொத்த வண்டிகளைவிட அதிகம். ஒரே பேனல் எல்லா வண்டிக்கும் பொருந்த ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

மரனெல்லோவில் அந்த அக்கறை வெளியாள் வந்து சொல்லித் தராமலே, தட்டுத் தடுமாறி வந்தது. அந்தப் பாதையை பெல்ட் ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். 1985 முதல் 1989 வரை வந்த 328-இல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். பின் சக்கரத்தைக் கழற்றி, உள் மட்கார்டை எடுத்தால் பெல்ட் கண்முன் தெரியும். ஒரு நல்ல மெக்கானிக் இன்ஜினை இறக்காமலே முடித்துவிடுவான். பழைய எட்டு சிலிண்டர் ஃபெராரிகளில் நம்பி வாங்கக்கூடியது எது என்று கேட்டால் தொழில் தெரிந்த பலரும் 328 என்பார்கள், நானும்தான். அடுத்து வந்த 348-இல் இன்ஜினை நீளவாக்கில் திருப்பினார்கள். எடை கீழே இறங்கியது, வண்டி அகலமானது, பெல்ட் சுவரோரம் போய் ஒளிந்தது. வரைபலகையில் அது முன்னேற்றம். ஒர்க்ஷாப்பில், ஒரு ரப்பர் பெல்ட்டுக்காக முழு இன்ஜினையும் இறக்கும் காலம் தொடங்கியது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் இன்ஜின் என்பதால் வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

1990-இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தது. முழு அலுமினிய உடம்பு, நடுவில் ஆறு சிலிண்டர் இன்ஜின், காலையில் சாவி போட்டால் சாதாரண ஹோண்டாபோலக் கிளம்பும். இத்தாலியர்களுக்கு அது பெரிய அடி. 1991 முடிவில் ஃபெராரிக்குத் தலைமையேற்ற லூகா டி மொன்டெஸெமோலோ, தானே வாங்கிய 348 தனக்குத் திருப்தி தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஒரு கம்பெனித் தலைவர் தன் வண்டியைப் பற்றி அப்படிச் சொல்வது சாதாரணமில்லை. 355 அவருடைய முதல் பதில். ஓட்டத்தில் 348-ஐவிட எங்கோ போய்விட்டது. ஆனால் பெல்ட் சுவரோரமே இருந்தது. முதல் வருடங்களின் வெண்கல வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்ந்ததும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டதும் ஊரறிந்தவை. 1999-இல் வந்த 360 மோடெனாவில்தான் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி வைத்தார்கள். சீட்டை எடுத்து, மூடியைக் கழற்றினால் பெல்ட். அதைத் திறந்த அன்று சேட்டன், "ஒரு வழியா யாரோ ஸ்பேனர் பிடிச்சவன் சொன்னது மேல காதுல விழுந்திருக்கு" என்றார். 2004-இன் எஃப்430-இல் பெல்ட்டே போய் சங்கிலி வந்தது. அந்த இன்ஜின் குடும்பம் முதலில் மசராட்டிக்காக மரனெல்லோ செய்துகொடுத்தது என்பது இன்னொரு சுவாரஸ்யம்.

மசராட்டியை நான் இந்தப் போட்டியில் அதிகம் இழுப்பதில்லை. 1981-இன் பைடர்போ அந்தப் பெயருக்குச் செய்த சேதம் பெரிது. கார்புரெட்டரும் இரண்டு டர்போவும் அவசரமாகச் சேர்ந்த வண்டி அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையையே விட்டு வெளியேறி, பத்து வருடம் கழித்து ஃபெராரி இன்ஜினோடுதான் திரும்பிப் போனார்கள்.

இன்ஜின்கள் ஒருபுறமிருக்க, எங்கள் கராஜில் அதிகம் பணம் கரைந்தது கிளட்ச்சில். இங்கே இரண்டு வீட்டாரும் ஒரே கடையில்தான் சாமான் வாங்கினார்கள். ஃபெராரி எஃப்1 கியர் என்றது, லம்போர்கினி ஈ-கியர் என்றது; இரண்டிலும் கிளட்ச்சை அழுத்தி கியரை மாற்றும் ஹைட்ராலிக் ஏற்பாடு மக்னெட்டி மரெல்லி செய்தது. சாதாரண கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச் தட்டு; பெடலை மட்டும் ஒரு பம்ப்பும் கம்ப்யூட்டரும் அழுத்துகின்றன. வாங்கியவர்களில் பலர் அதை ஆட்டோமேட்டிக் என்றே நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஜுமேரா கடற்கரையோரம் முன் வண்டியின் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் தட்டு பாதி பிடித்து வழுக்கும். அதைவிடக் கொடுமை மரினா அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட் பார்க்கிங். செங்குத்தான ரேம்ப்பில் ரிவர்ஸில் ஏற்றும்போது எழும் கிளட்ச் கருகும் வாசனையை நான் இன்னும் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். தேய்மானம் எத்தனை சதவீதம் என்று டெஸ்டரில் பார்க்கலாம். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே தெருவில் நிற்கும் இரண்டு வண்டி. ஒன்று மற்றதைவிட மூன்று நான்கு மடங்கு தூரம் அதே தட்டில் ஓடியிருக்கும். வண்டி நம்பகமானதா என்று கேட்பவரிடம், யார் ஓட்டியது என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். 2009-இன் 458-லும் 2014-இன் ஹுராகானிலும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் வந்த பிறகு அந்த வாசனை எங்கள் தெருவில் குறைந்தது.

458-ஐச் சொன்னதும் அதன் 2010 சம்பவம் நினைவுக்கு வருகிறது. உலகத்தின் பல இடங்களில் சில வண்டிகள் தீப்பிடித்தன. 1,248 வண்டிகளை ஃபெராரி திரும்ப அழைத்தது. காரணம், பின் சக்கர வளைவுக்குள் வெப்பத் தடுப்புத் தகட்டை ஒட்டியிருந்த பசை. எக்ஸாஸ்ட் சூட்டில் பசை பற்றிக்கொண்டது. பசையை எடுத்துவிட்டுத் தகட்டை இறுக்கிப் பொருத்தினார்கள், தீர்ந்தது. லம்போர்கினி 2017-இல் அவென்டடார் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் தீ அபாயத்துக்காகத்தான்; பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாட்டில் குறை. இரண்டிலும் இன்ஜினுக்குள் எந்தத் தப்பும் இல்லை. பசை, ஆவிக்குழாய். எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் இரும்பை அணு அணுவாகக் கணக்குப் போட்டவர்கள் இதையும் அதே கண்ணால் பார்த்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வண்டியைக் கெடுப்பதில் ஓட்டத்தைவிட நிற்பது மோசம். ஜூன் பிறந்தால் முதலாளிகள் ஐரோப்பா போய்விடுவார்கள். வண்டி மூன்று மாதம் மூடிய கராஜில் நிற்கும். பேட்டரி இறங்கும், பாதி உயிருள்ள பேட்டரியில் கம்ப்யூட்டர்கள் இல்லாத கோளாறையெல்லாம் எழுதிவைக்கும். சீல்கள் காயும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும். செப்டம்பரில் வந்து ஒரே மிதியில் கிளப்புவார்கள். மீட்டரில் 8,000 கிலோமீட்டர் காட்டும் பத்து வருட வண்டியை ஆசையாக வாங்க வருபவர்களிடம், 50,000 ஓடி வருடா வருடம் ஆயில் மாற்றிய வண்டியை வாங்குங்கள் என்று சொல்லி எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன்.

ஷார்ஜாவில் வேலைபார்த்த திருநெல்வேலி டாக்டர் ஒருவர் அப்படி வாதாடத் தேவையில்லாத மனிதர். சிறு வயதிலிருந்து ஆசை, பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், இனி எனக்கென்று ஒரு வண்டி என்று வந்தார். ஒரு எஃப்430, ஒரு கல்லார்டோ, இரண்டும் 2007 மாடல், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "பாத்துச் சொல்லுங்க தம்பி, நான் தினமும் ஆஸ்பத்திரிக்கு இதுலதான் போகப் போறேன்" என்றார்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லிஃப்டில் ஏற்றினோம். இரண்டின் அடித்தட்டையும் கழற்றி விளக்கைப் பிடித்தேன். எஃப்430-இல் முதலில் பார்த்தது மேனிஃபோல்டையும் பால் ஜாயின்ட்டையும். அந்த மாடலில் போகும் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள் அவை. இரண்டும் நன்றாகவே இருந்தன. கல்லார்டோவில் முதலில் கிளட்ச். அது பெடல் வைத்த மேனுவல் வண்டி என்பதால் பம்ப்பைப் பற்றிய கவலை இல்லை. பிறகு கூலன்ட் குழாய்கள், முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டின் பூட்டுகள். டிஸ்க்குக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன், மண் இருந்தது; தினமும் ஓடிய வண்டி. எஃப்430-இன் உள்ளே டாஷ்போர்டுத் தோல் கண்ணாடி ஓரத்தில் லேசாகச் சுருங்க ஆரம்பித்திருந்தது. இந்த வெயிலில் அது நடக்கும்.

சேட்டன் எஃப்430 என்றார். அவர் காரணம் தெளிவாக இருந்தது: "டாக்டர், தோல் மாத்தலாம், பட்டன் மாத்தலாம். அந்த ஸ்டியரிங் வேற எதுலயும் கிடைக்காது. பெல்ட் தொல்லையும் இதுல இல்ல."

நான் கல்லார்டோ என்றேன். இரண்டு இன்ஜினும் டாக்டருடைய ஆயுளுக்கும் உழைக்கும். அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஆகவே மற்றதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அல் இத்திஹாத் ரோட்டு நெரிசலில், நாற்பத்தைந்து டிகிரியில் ஊர்ந்துபோகும்போது கைகொடுப்பது ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ரிலே, சுவிட்சு. அவற்றை மதித்துச் செய்தவர்கள் கல்லார்டோவில் கைவைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி என்றால் நானும் எஃப்430-ஐத்தான் சொல்லியிருப்பேன். அதை ஓட்டிப் பார்த்த எவனுக்கும் அதில் இரண்டாம் பேச்சு கிடையாது.

டாக்டர் இரண்டையும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் யோசித்து, கல்லார்டோவுக்கு முன்பணம் கொடுத்தார். முல்கியா என்ற வண்டிப் பதிவு அட்டையை மாற்றிய அன்று சாவியைக் கையில் கொடுக்கும்போது அவரிடம் மூன்று சங்கதி சொன்னேன்: ஆயில் சூடேறும்வரை 4,000 சுற்றுக்கு மேல் போக வேண்டாம், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் ரிவர்ஸில் மேடேற்ற வேண்டாம், ஜூனில் ஊருக்குப் போனால் சாவியை எங்களிடம் விட்டுப் போங்கள், வாரத்துக்கு ஒரு தடவை ஹத்தா ரோடு வரை நாங்கள் ஓட்டிவைக்கிறோம். மூன்றாவதைச் சேட்டன் உடனே தன் பேரில் எழுதிக்கொண்டார்.